டாக்டரம்மா கேட்ட மூன்று வார்த்தைகள்

மகள் காய்ச்சலில் இறந்த பிறகு அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மத்தியான நேரங்களில் அவளுக்கு அது வரும். அரிசி புடைத்துக்கொண்டிருப்பவள் சட்டென்று நின்றுபோவாள். கண் திறந்திருக்கும், இமைக்காது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். இரண்டு கைகளும் எழுந்து, இல்லாத ஒரு தலைக்குச் சடை பின்னத் தொடங்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக இறங்கும். அம்மா மயக்கம் என்றாள். அப்பா வலிப்பு என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்டைக்காட்டு அம்மன் இறங்கியிருப்பதாகச் சொல்லிக் குங்குமம் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒருநாள் யாருமில்லாதபோது அந்தக் கைகளுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். விளையாட்டுக்குத்தான். விரல்கள் சில்லென்றிருந்தன, வலிக்காமல் வகிடெடுத்துப் பின்னின. என் முடி தோளோடு முடிந்துவிடும். விரல்கள் நிற்கவில்லை. இடுப்புவரைக்கும் வெறும் காற்றைப் பின்னிக்கொண்டே இறங்கின. அத்தை மகளுக்கு அவ்வளவு நீளமான முடி.

பிறகு அப்பா எங்களை நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா வெள்ளைக்காரி. அவள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லும் நர்ஸ் அன்று லீவு. பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரத்தில் இங்கிலீஷ் படிக்கிறவள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். ஃபெயின்ட்டா, ஃபிட்டா, டிரான்ஸா என்று டாக்டரம்மா கேட்டாள். முதலாவது மயக்கம், இரண்டாவது வலிப்பு. மூன்றாவது தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஃபெயின்ட் என்றேன். ரத்தம் ஊற ஒரு டானிக் கொடுத்து அனுப்பினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் காதருகே குனிந்து, என்ன சொன்னாய் என்று கேட்டாள். மயக்கம் என்று சொன்னதாகச் சொன்னேன்.

"மயக்கம் இல்ல மக்கா. நீங்க கூப்பிடது எல்லாம் கேக்கும். வரதுக்குத்தான் மனசில்ல."

மறுநாள் பள்ளிக்கூட அகராதியில் டிரான்ஸைத் தேடினேன். உறக்கம் போன்ற நிலை, கூப்பிட்டாலும் தெரியாது என்று போட்டிருந்தது. அத்தைக்குத்தான் தெரிகிறதே. அந்த வார்த்தையும் சரிப்படாது என்று பக்கத்தை மூடினேன்.

டானிக் தீர்வதற்கு முன்பே ஒரு மத்தியானம் அத்தையின் கைகள் எழுந்தன. அன்று மாலையும் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. மூன்று நாள் வீடே அவள் காதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கண் திறந்தபடியே அத்தை போனாள். நான் மட்டும் ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை. அதற்காக அம்மா என்னை அடித்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.