முக்கோணம் போட்ட வீடு

சுண்ணாம்பு கொதிக்கிற வாசனை வந்தால் இப்போதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து நடப்பேன். ஜன்னலைத் திறப்பேன், சாத்துவேன், மறுபடி திறப்பேன். போன வாரம் எதிர்வீட்டில் வெள்ளையடிப்பதற்குக் கல்சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அது பொங்கிப் புகைந்து, தொண்டையைக் கரிக்கிற அந்தச் சூட்டு வாசனை தெருவைத் தாண்டி வந்தது. அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில், கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தகரப்பெட்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் நர்சு. அந்தக் கிராமத்துக்கு நர்சு. அந்தக் கிராமத்தில் இருக்க இடமில்லாத நர்சு. துணை சுகாதார நிலையம் என்று பெயர் இருந்தது, கட்டடம் இல்லை. ஊருக்குள் ஒரு வீடு பிடித்தால் முன்னறையில் மருந்து, பின்னறையில் நான். வாடகையை அரசாங்கமே நேராக வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். அதற்கான உத்தரவு என் கைப்பையில் இருந்தது. உத்தரவு இருந்தால் வீடு கிடைத்துவிடும் என்று இருபத்து மூன்று வயதில் நம்பியிருந்தேன்.

"ஊர்லயே தங்கினாத்தாம்மா இந்த வேலை," என்றார் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். "இந்த மாசத்துக்குள்ள வீடு பிடிக்கலேன்னா வேற பொண்ணப் போட்டுடுவாங்க."

திரும்பிப் போக எனக்கும் ஓர் ஊர் இருந்தது. மாதா கோயில் மணிக்கு எழுந்து காட்டுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அங்கே நான் படுத்திருந்த மூலைக்கு அதற்குள் அண்ணியின் தையல் மிஷின் வந்துவிட்டது. அந்த மிஷினை யாரும் எனக்காக நகர்த்தப் போவதில்லை.

தினமும் காலையில் கடத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கதவு கதவாகத் தட்டினேன். "ஒண்டியாவா இருக்கப் போறீங்க?" என்று கேட்ட வீட்டில் அதற்கு மேல் பேச்சே இல்லை. இன்னொரு வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்: "உள்ள பிரசவம் பாப்பீங்களா?"

"அவசரம்னா பாக்கணுங்க."

"எவளோ பெத்துப் போட்ட எடத்துல நாளைக்கு நாங்க எப்பிடிங்க பொங்க வெக்கறது?"

புளி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் உள்ளதை உள்ளபடி சொன்னவர். "வேதக்காரங்களா நீங்க? அது ஒண்ணும் இல்லீங்க, பக்கத்துக் காட்டுக்காரரே வேதந்தான். கவர்மெண்டுதான் ஆவாது. மனுசன் குடி வந்தா சண்ட போட்டு வெளிய தள்ளலாம். கவர்மெண்ட எங்க புடிச்சுத் தள்றது?"

வெயில் என் குடைக்குள்ளேயே குடியிருந்தது. யாரோ ஒருவருடைய தாழ்வாரத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்த வீட்டை மனதுக்குள் அளந்துகொண்டிருப்பேன். இங்கே அடுப்பு, இங்கே கொடி, இங்கே என் தலைமாடு. சொம்பைத் திருப்பிக் கொடுத்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடப்பேன்.

ஊர்க்கோடியில் புது ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. மகனுக்கென்று கட்டியது. மகனோ பாலக்கோட்டில் வேலை கிடைத்து, மனைவியோடு அங்கேயே ஒரு லைன் வீட்டில் தங்கிவிட்டான். வீட்டுக்கார அம்மாள் பக்கத்துப் பழைய வீட்டில் இருந்தாள். அதட்டிப் பேசியே பழகிய குரல்.

"பூட்டி வெச்சா எலிதான் குடித்தனம் பண்ணுது. நீ வந்து வெளக்கு வையி," என்றாள்.

வாடகையை நிர்ணயிக்க என்ஜினியர் வந்தார். டேப் பிடித்து அளந்தார், சுவரைத் தட்டினார், ஒரு தொகையைச் சொன்னார். அம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏஞ்சார், இது வூட்டுக்கா, எங்க மாட்டுக் கொட்டாய்க்கா?"

"கவர்மெண்ட் ரேட்டும்மா."

"அப்ப கவர்மெண்டக் கொட்டாயிலயே கட்டிக்கங்க."

சொன்னாளே தவிர சாவியை என் கையில்தான் கொடுத்தாள். அன்று இரவு ஓட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, சந்தோஷமா பயமா என்று தெரியாமல் புரண்டேன்.

சில நாள் கழித்து, நான் பக்கத்து ஊருக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தபோது, ஜீப்பில் ஒரு பெயிண்டர் வந்து தெருப்பக்கச் சுவரில் சிவப்பு முக்கோணத்தை எழுதிவிட்டுப் போயிருந்தான். குடும்பக் கட்டுப்பாட்டின் முக்கோணம். ஆள் உயரம். நான் திரும்பியபோது அம்மாள் அதன் முன்னால் நின்றிருந்தாள். குரலில் அதட்டல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆறு வருசமா என் மருமவ வயிறு தெறக்கல. அவளுக்குன்னு கட்டுன வூட்டுல இதக் கொண்டாந்து போட்டுட்டீங்களே. பூட்டுக்கு மேல பூட்டு."

அவளே சுண்ணாம்பு கரைத்தாள். இருவருமாகப் பூசினோம். எண்ணெய்ப் பெயிண்டின் மேல் சுண்ணாம்பு நிற்கவில்லை. வெயில் ஏறியதும் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. முக்கோணம் கழுவிவிட்டதுபோல முன்னைவிடப் பளிச்சென்று நின்றது. மறுபடி கரைத்தோம், மறுபடி உதிர்ந்தது. டாக்டரிடம் ஓடினேன். அந்த அடையாளம் இல்லாத கட்டடத்துக்கு வாடகை பாஸ் ஆகாது என்றார். வாடகை இல்லையென்றால் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் நான் இல்லை.

"மாரியம்மன் பண்டிகைக்கு மருமவ வர்றா," என்றாள் அம்மாள். "அவ கண்ணுல இது படக்கூடாது. பண்டிக முடியட்டும், நீ வேற எடம் பாத்துக்க."

அறுவடையான சோளத்தட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அந்தச் சுவரில் சாய்த்து முக்கோணத்தை மறைத்தாள். நான் உள்ளே பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன்.

மருமகள் வந்தாள். ஒல்லி; என் வயதுதான் இருக்கும். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன் அத்தே, செவுத்துல தட்டச் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"ஓதம் அடிக்குது," என்றாள் மாமியார்.

பண்டிகைக்கென்று வாங்கிக் கட்டியிருந்த கிடா அதற்குள் கயிற்றை உருவிக்கொண்டு வந்திருந்தது. தட்டைக் கவ்வி இழுத்தது. ஒரு கட்டு சரிந்தது, அடுத்தது சரிந்தது, அப்புறம் எல்லாம் ஒன்றாக விழுந்தன. வெயிலில் முக்கோணம் முழுதாக நின்றது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மருமகள் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா அத்தே இந்தப் பாடு? பாலக்கோட்டுல எங்க லைன் வூட்டுக்கு எதிர்ல பஸ்ஸு அகலத்துக்கு எழுதி வெச்சிருக்கு. அந்தச் செவுத்த ஒட்டுன வூட்டுக்காரிக்கு நாலு."

"நாலா?"

"நாலு. அஞ்சாவது வயித்துல."

மாமியார் முக்கோணத்தைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உதட்டை மடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "பல்லக் காட்டாதடி. மொதல்ல அந்தக் கெடாவப் புடிச்சுக் கட்டு," என்று உள்ளே போனாள். காலி செய்கிற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. சோளத்தட்டு மாட்டுக்குப் போயிற்று.

பண்டிகை முடிந்து மருமகள் ஊர் திரும்பிய அன்று, பஸ் நிற்கிற இடம்வரை நானும் கூடப் போனேன். புளியமரத்தடியில் நின்றதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"எதிர் வூட்டுக்காரிக்கு ரெண்டுதாங்க்கா. நாலுன்னு நாந்தான் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க போய்ட்டா வூடு சும்மா கெடக்கும். சும்மா கெடந்தா வந்து இருங்கன்னு அத்த எங்களக் கூப்புடுவாங்க. இந்த ஊர்ல ஒரு தொட்டில் கட்டுனாக்கூட என்ன ஓரமா நிக்க வெப்பாங்க. அங்க நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. நல்லாருக்கு."

ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருமுறை பார்க்கலாமே என்றேன். நர்சுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

"நான் பாத்தாச்சுங்க. அவரத்தான் கூட்டியாரணும்," என்று பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

புழுதியோடு பஸ் வந்தது. ஏறினாள், படியிலேயே நின்றுகொண்டு திரும்பினாள்.

"அடுத்த வாட்டி நேரா உங்க வூட்டுக்குத்தான் வருவேன், நர்சக்கா. அத்த கேட்டா மாத்தர வாங்க வந்தேன்னு சொல்லிடுங்க."