நன்றிக்குக் கீழே ஒரு பெயர்

மகாலட்சுமி கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். 2009-இல் கடைக்கு இணைய இணைப்பு வந்ததும் அவள் முதலில் தேடியது டாக்டர் மலையம்மாளின் பெயரைத்தான். காமயகவுண்டன்பட்டியில் பிறந்து, திராட்சை நோய்களை ஆராய்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனவர். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி ஐந்து வரி இருந்தது. அதில் ஒன்று: ‘மூத்த விஞ்ஞானி வைகுண்டராஜின் ஆய்வுகளுக்கு உதவியவர்.’

கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்த எத்தனையாம் நாள் மருந்தடித்தால் அடிச்சாம்பல் நோய் அண்டாது என்று மூன்று வருஷம் தோட்டம் தோட்டமாக நடந்து கண்டுபிடித்தவர் மலையம்மாள். அவருடைய அறிக்கைகளையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் மகாலட்சுமி.

வரியைத் திருத்தினாள். மறுநாள் பழைய வரியே இருந்தது, ஆதாரம் இல்லையாம். மறுபடி திருத்தினாள், மறுபடி அழித்தார்கள். நான்காம் முறை பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு விழுந்தது. ஏழு நாளில் அச்சில் வந்த ஆதாரம் காட்டாவிட்டால் பக்கமே நீக்கப்படும்.

தான் கை வைத்ததால் இருந்ததும் போகப்போகிறதே என்று சோறு இறங்கவில்லை. அறிக்கைகளைச் சேமித்து வைத்திருந்த பழைய பிளாப்பி டிஸ்குகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. மலையம்மாள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் பழைய கோப்புகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆறாம் நாள் டவுன் பஸ் ஏறி, மலையம்மாள் சோதனை நடத்திய தோட்டத்துக்காரர் கர்ணனிடம் போனாள். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து 1999-ஆம் வருஷத்துக் கருத்தரங்க மலரை எடுத்துக் கொடுத்தார்.

“கொட்டுற மழையிலயும் இங்கன வந்து எலையெலையாப் பொரட்டிப் பாத்தாக டாக்டரம்மா. அதெல்லாம் இதுல இருக்குல்ல ஆத்தா?”

கட்டுரை இருந்தது. தலைப்பின் கீழ் வைகுண்டராஜ் பெயர் மட்டும். மலையம்மாள் கடைசியில், நன்றிக்குக் கீழே. தான் அடித்த எழுத்தைப் பார்த்ததும் மகாலட்சுமிக்கு ஞாபகம் வந்துவிட்டது. அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் வைகுண்டராஜ் கடைக்கு வந்து தலைப்பின் கீழிருந்த பெயரை மாற்றச் சொன்னார். மற்ற வேலைகளோடு சேர்த்து அந்த வேலையையும் முடித்து அனுப்பினாள். ஏன் என்று கேட்கவில்லை. மலையம்மாள் அதற்குப் பிறகும் இவளிடமே அடிக்கக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“பேர மாத்தி அடிச்சது நான்தான்யா.”

கர்ணன் டிரங்குப் பெட்டியை மூடினார்.

“அவுக போறதுக்குள்ள சொல்லிருக்கலாம்.”

மலரைக் காட்டினால் பக்கம் பிழைக்கும். அந்த உதவியாளர் வரியும் கூடவே பிழைக்கும். அவள் காட்டவில்லை. நடந்ததைத் தன் பெயர் போட்டு அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் எழுதினாள். சொந்த நினைவு ஆதாரமாகாது என்று பதில் வந்தது. எட்டாம் நாள் பக்கம் இல்லை. அவள் எழுதியதும் அதோடு போயிற்று. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அதன்பின், சோதனைகளை நடத்தியது மலையம்மாள்தான் என்று கர்ணனும் பதினோரு விவசாயிகளும் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தோடு தேனிக்குப் போய் ஒரு நிருபரைப் பார்த்தாள். இவள் செய்ததையும் போடலாமா என்று அவர் கேட்டதற்குச் சம்மதித்தாள். 2010 தை மாதம் செய்தி வந்தது. ஆராய்ச்சி நிலையத்து வேலைகள் அவள் கடைக்கு வருவது நின்றது.

செய்தியை ஆதாரமாக வைத்துப் புதுப் பக்கம் தொடங்கினாள். மூன்று வரிதான் நின்றது. மேலே ‘கூடுதல் ஆதாரம் தேவை’ என்ற குறிப்பு இன்னும் இருக்கிறது.