திரும்பி வந்த இரண்டு எலுமிச்சம்பழங்கள்

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு வாத்தியார் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்.

இன்று மருமகளுக்கு வண்டி பார்க்க அரியலூர் போனோம். முந்திரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் பால்வாடியில் அவளுக்கு ஆயா வேலை. காட்டு வழியாகப் போன ஒரே பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். நடந்து போவதால் தினமும் தாமதம். இனியும் இப்படி வந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் மகன் உயிரோடு இருந்திருந்தால் கொண்டுபோய் விட்டிருப்பான்.

மருமகள் ஆள் குள்ளம். கடையில் இருந்ததிலேயே சின்ன மொபெட்டில் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரையில் நுனிக்கால்தான் எட்டியது.

"பழகப் பழகச் சரியாயிடும்ங்க" என்றார் கடைக்காரர்.

"பழகுனா கால் வளருமாய்யா? வெளியில மண்ணுல வச்சுப் பாப்போம்" என்றேன்.

ரோட்டோர மண் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஊன்றிய கால் பள்ளத்தில் இறங்க, வண்டியோடு சாய்ந்துவிட்டாள். எல்லோரும் ஓடித் தூக்கினோம்.

"சீட்டுல பஞ்சக் கொஞ்சம் வெட்டிட்டா எட்டிடும்மா" என்றார் அவர்.

முழங்கால் மண்ணைத் தட்டியபடி அவள் சொன்னாள்: "இங்க விழுந்தா தூக்க நாலு பேரு இருக்கீங்க. காட்டுல வேரு தட்டி விழுந்தா யாரு இருக்கா? வாங்க மாமா, வூட்டுக்குப் போவலாம்."



புது வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்க எடுத்துப்போன இரண்டு எலுமிச்சம்பழங்களையும் இப்போது ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

குள்ளமானவர்கள் காட்டுப் பாதையில் ஓட்டுகிற வண்டி எந்த ஊரிலாவது இருந்தால் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் வேறு வாங்கிக்கொள்கிறேன்.