இருபது நிமிடம் முந்திய கம்ப்யூட்டர்

இது நிஜமாகவே நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் நம்ப வேண்டாம். இது வெயில் சாயும் நேரத்தில், பெங்களூர் காக்ஸ் டவுனில், பஸ் ஓடும் தெருவில் நடந்தது. லவினா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் ஓஸ்வால்ட் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை எப்போதும் இருபது நிமிடம் முன்னால் வைத்திருப்பார். சர்ச் பூசைக்குத் தாமதமாகக் கூடாதாம். ஆனால் லவினா ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கும் அதே கடிகாரம்தான் கணக்கு. ஐந்தே முக்காலுக்கு வந்தாலும், "எங்க சுத்திட்டு வர்ற?" என்பார். பதினொரு வருஷம் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

1999-இல் ஓஸ்வால்ட் மாரடைப்பில் போனார். லவினா கடிகாரத்தைப் பரணில் போட்டாள். முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து டைப்பிங் கடை திறந்தாள். அவளுக்குச் சோறு போட்டது அதுதான். கொழுந்தன் கிளெமென்டுக்கோ அந்த அறை மேல் கண். அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று வந்து வந்து முணுமுணுத்தான்.

இரண்டாவது வாரம் கம்ப்யூட்டரில் நேரம் இருபது நிமிடம் முந்தியது. திருத்தினாள். மறுநாள் காலையிலும் அதே இருபது.

தொம்மலூரிலிருந்து மெக்கானிக் ரகு வந்தான். மெஷினை அணைத்தாலும் நேரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் காசு மாதிரியான பேட்டரிதான், அது தீர்ந்திருக்கும் என்று புதிதாக ஒன்று போட்டான். தீர்ந்தால் பின்னால்தானே போகும், எப்படி முந்தும் என்று லவினா கேட்டாள். ரகு ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அன்று மாலை மெஷினை அணைத்த பிறகு பெட்டிக்குள் ஒரு சத்தம். கிர்ர்... கிர்ர்... ஓஸ்வால்ட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் அதே சத்தம்.

விஷயம் கிளெமென்ட் காதுக்கு எட்டியது.

"அண்ணனே சொல்லிட்டாரு அண்ணி. மாசக் கடைசியில கடையை மூடிடுங்க."

லவினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவருக்குப் பயந்தது போதாதா? செத்த பிறகும் பயப்பட வேண்டுமா?

மறுநாள் மாலை. கரண்ட் போனது. விசிறி நின்றது.

ஸ்கிரீன் மட்டும் அணையவில்லை...

6:00.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 5:40.

வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கிர்ர்...

அவள் ஓடவில்லை. மௌஸைப் பிடித்தாள். 5:40 என்று திருத்தினாள்.

6:00.

திருத்தினாள்.

6:00...

"நான் எங்கயும் சுத்தல," என்றாள். "என் கடையில உக்காந்திருக்கேன். உங்களுக்குப் பதில் சொல்ற வேலை முடிஞ்சுபோச்சு."

திருத்தினாள்.

5:44.

காத்திருந்தாள்.

5:45...

கரண்ட் வந்தது. எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். அன்று எட்டு மணி வரை கடையில் இருந்தாள். அடுத்த நாள் வந்த கிளெமென்டிடம், கடை மூடாது, நீ கிளம்பு என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு ஒரு மாதம் நேரம் ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

வேறு ஏதோ ரிப்பேருக்காக ரகு வந்து பெட்டியைத் திறந்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா... நான் போட்ட பேட்டரி எங்க?"

பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. தூசு படிந்து கிடந்தது. தினமும் ராத்திரி லவினா பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பாள். பேட்டரி இல்லாவிட்டால் காலையில் ஏதோ பழைய வருஷத்துத் தேதியைக் காட்ட வேண்டும். அன்று காலையிலும் நேரம் சரியாகத்தான் இருந்தது.

ரகு பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்தான். லவினா அவன் கையைத் தடுத்தாள்.

"வேணாம், மூடு. பதினொரு வருஷம் நான் அவர் டைமுக்கு இருந்தேன். இனிமே அவர் என் டைமுக்கு இருக்கட்டும்."

ரகு மூடியைப் போட்டுத் திருகினான். உள்ளே கிர்ர்... என்றது.