கையை ஆட்டினால் விரால்

ஆட்களை ஆற்றுக்கு விரால் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகிற தொழிலில், விரால் கிடைக்காவிட்டால் பேச்சு வாங்குவதோடு போகும். ஆள் திரும்பி வராவிட்டால் தொழிலே இருக்காது. வேன் வைத்துச் சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்கு ஏற்றிப் போனவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போன வாத்தியார்களுக்கும் இந்தப் பயம் தெரியும். நாம் எல்லாரும் ஒரே ஜாதி. கூட்டிப் போன தலைகளை எண்ணியே நம் தலை நரைக்கும்.

எனக்கு வளவனூர். கூட்டாளி சலீமுக்குக் கோட்டக்குப்பம். அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த தூண்டில் ராடும் நரம்பு சுற்றும் ரீலும்தான் எங்கள் முதல். ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிறவர்களைத் தென்பெண்ணைக்கு அழைத்துப் போவோம். புரட்டாசி பிறந்தால் வெயில் தணிந்து, மடுவில் தண்ணீர் தெளிந்து, விரால் மேலே வந்து மூச்சு விடும். அதே மாதத்தில்தான் மேலே அணையிலும் தண்ணீர் திறப்பார்கள். கரையில் இருக்கிற ஊர்க்காரர்கள் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "மீனு புடிங்க, வாணாம்னு சொல்லல. ஒரு உசுரு போச்சின்னா அத்தோட இந்தப் பக்கம் வரக்கூடாது."

கிணத்து நீச்சல்

சேகர் அண்ணனுக்குத் திண்டிவனத்தில் டயர் கடை. புரட்டாசி முதல் ஞாயிறே வந்து இறங்கினார். வருகிற எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது நீச்சல் தெரியுமா என்றுதான். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. எல்லாரும் பம்புசெட்டுக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். ஆற்றுத் தண்ணீர் அப்படியா? போதாக்குறைக்கு மணல் அள்ளிய பள்ளம் வேறு. முழங்கால் தண்ணீர் என்று நடந்து போவீர்கள், அடுத்த அடிக்குத் தரையே இருக்காது.

அதனால் காற்றடைத்த லாரி டியூப் ஒன்றை நீளக் கயிற்றில் கட்டி எப்போதும் கரையில் வைத்திருப்போம். சேகர் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். "டேய், ஊருக்கே டியூப் விக்கிறவன்டா நானு. எனக்கே டியூபா?" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் சம்சாரம் எனக்குப் போன் செய்தார். ஆள் வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அந்த அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இது: "தம்பி, அவுரு தெரியும்னு சொல்றத நம்பாத. கெணத்துலயே படியப் புடிச்சிக்கினு குளிக்கிறவரு. மீனு வரலன்னா பரவால்ல, ஆளு வரணும்."

வாயை மூடுங்க

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் கண் தூண்டிலில் இல்லை, சேகர் அண்ணன் மேல்தான்.

விராலுக்கு லேசான அதிர்வு போதும், அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் பேசக் கூடாது. போனையும் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எல்லாம் கைச்சாடைதான். எங்களிடம் இருந்தது இரண்டே சாடை. விரலை நீட்டிக் காட்டினால், அந்தப் பக்கம் முள் மாட்டிய ரப்பர் தவளையை வீசு. கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால், விரால் பக்கத்தில் இருக்கிறது, அசையாமல் நில். வேகமாக ஆட்டினால் ரொம்பப் பக்கத்தில் என்று அர்த்தம். கிளம்பி வா என்பதற்குச் சாடை வைக்கவில்லை. நேரம் ஆனால் கிட்டே போய்த் தோளைத் தொடுவோம்.

பேச்சுக்காரரான சேகர் அண்ணன் இதை இவ்வளவு சுத்தமாகப் பிடித்துக்கொள்வார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நான் கையை ஆட்டினால் கொக்கு மாதிரி நிற்பார், கொசு கடித்தால்கூட அடிக்க மாட்டார். கரையேறியதும் நெடுமூச்சு விட்டுச் சொன்னார்: "பல்லு புடுங்குனப்ப கூட நான் இவ்ளோ நேரம் சும்மா இருந்ததில்ல தம்பி."

போட்டோவுக்கு விரதம் இல்லை

புரட்டாசியில் எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வீட்டில் கவிச்சி ஏறாது. பிடிப்பார்கள், தூக்கிப் போட்டோ எடுப்பார்கள், கையைச் சோப்புப் போட்டு மோந்து மோந்து கழுவிக்கொண்டு வண்டி ஏறுவார்கள். மீன் முழுக்கச் சலீம் வீட்டுக்கு. மாதம் பாதி போவதற்குள் அவன் தங்கச்சிகள் விரால் என்றாலே சோற்றுத் தட்டோடு அடுத்த வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

சேகர் அண்ணனுக்கு மட்டும் அந்தப் போட்டோ கூட அமையவில்லை. மாட்டும், இழுக்கும், அறுத்துக்கொண்டு போகும். கடையில் பஞ்சர் ஒட்டுகிற பையன்கள் திங்கட்கிழமை காலையில் "இன்னா ஓனரு, எங்க மீனு?" என்று கேட்கிறார்களாம். வாரத்துக்கு வாரம் அவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் போய் நிற்க ஆரம்பித்தார். அந்த அக்கா சொன்னது எனக்குக் காதிலேயே இருந்தது. "ஆழத்துக்குப் போவாதீங்கண்ணா. புடிச்சாலும் வூட்டுக்கு எடுத்துக்கினு போவ முடியாது, எதுக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டேன். அவர் தவளையை வீசிக்கொண்டே சொன்னார்: "வவுத்துக்குத்தான்டா பொரட்டாசி. போட்டோக்கு இல்ல."

செவப்புக் குஞ்சு

ஒரு நாள் நாணல் ஓரமாகத் தண்ணீர் மேலே குங்குமத்தைக் கொட்டினது மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. விரால் குஞ்சுகள். சிவப்பாகக் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு விட்டுவிட்டு இறங்கும். கீழேயே தாய் நிற்கும். குஞ்சு நடுவில் எது விழுந்தாலும் ஆவேசமாக வந்து கடிக்கும். அப்போது வீசினால் விரால் நிச்சயம். தாய் போனால் அத்தனை குஞ்சும் கெளுத்திக்கும் தண்ணிப்பாம்புக்கும்தான். அதனால் குஞ்சு மேல் வீசக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

சேகர் அண்ணன் ராடைத் தூக்கிவிட்டார். கட்டை விரல் ரீல் மேல் இருக்கிறது. நானும் சலீமும் வாயைத் திறக்கவில்லை. பேசக் கூடாது என்று சட்டம் சொன்னவர்களே சத்தம் போட்டால் எப்படி? வட்டம் ஒரு தடவை கீழே போய் மறுபடி மேலே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ராடை மெதுவாக இறக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வுட்டுட்டு வந்தேன்னு வெளிய சொல்லாத தம்பி. கடையில என்ன மனுசனாவே மதிக்க மாட்டானுங்க."

மணல் திட்டு

அடுத்த ஞாயிறு. அன்றைக்கு வேறு ஆள் யாரும் வரவில்லை. சேகர் அண்ணன் கணுக்கால் தண்ணீரில் நடந்து நடு ஆற்று மணல் திட்டில் போய் நின்றார். அவருக்கும் கரைக்கும் நடுவில்தான் மணல் அள்ளிய பள்ளம், அதன் ஓரமாக ஒற்றையடி அகலத்துக்கு மேடு. நானும் சலீமும் கரையில் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தோம். ஊர்ப் பக்கமிருந்து ஆட்டோவில் மைக் சத்தம் வந்தது. அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். நான் திரும்பிப் பார்க்கிறேன், தண்ணீரில் நுரை வருகிறது. நுரைக்குப் பின்னால் வைக்கோல். நிறம் டீத்தண்ணி மாதிரி மாறிவிட்டது.

போன் போட்டேன். சைலண்ட். கத்தினேன். என் குரல் பக்கத்து ஆளுக்கே சரியாகக் கேட்காது, அன்றைக்குக் காற்று வேறு எதிரில். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அவர் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அசையாமல் நின்றுவிட்டார். பயத்தில் நான் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் அசையாமல் நின்றார். தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுகிறது, மனிதர் விராலை எதிர்பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

"டேய், நீ ஆட்ட ஆட்ட அந்தாளு சிலையாவுறான்டா, கைய எறக்கு" என்று சொல்லிவிட்டுச் சலீம் ஒரு கல்லை எடுத்து அவர் முன்னால் வீசினான். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. "எவன்டா அவன் கல்லு வுடுறது?" என்று திரும்பினவர், அப்போதுதான் தன் காலைப் பார்த்தார். மேட்டு வழி மறைந்துவிட்டிருந்தது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். நேராகப் பள்ளத்தைப் பார்த்து.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியாது. "நில்லுங்கண்ணா" என்று கத்தினேன், நின்றார். சலீம் கயிற்றின் நுனியைக் கருவேல மரத்தில் சுற்றினான். நான் கரையோரமாக ஓட்டத்துக்கு மேல்பக்கம் ஓடிப் போய் டியூபை வீசினேன். ஓட்டம் அதை அவருக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டு போனது. இழுத்து மறுபடி வீசினேன். அதுவும் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தது. அப்போது அவர் ராடைத் தூக்கி ரப்பர் தவளையை வீசினார். முள் கயிற்றில் போய் மாட்டியது. அந்த மாதத்தில் அவருக்கு மாட்டி அறுந்து போகாதது அது ஒன்றுதான். ரீலைச் சுற்றி டியூபைக் கிட்டே இழுத்து உள்ளே நுழைந்தவரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பள்ளத்தின் மேலே ஒரு தடவை தலை மறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை. ஓட்டமே அவரை வளைத்துக்கொண்டு வந்து கீழே நாணல் புதரில் ஒதுக்கியது.

இழுத்துக் கரையில் போட்டோம். அந்த நேரம் பார்த்து அவர் சம்சாரம் எனக்குப் போன். "அவுரு எங்க தம்பி?" என்றார். "கரையிலதான் கீறாரு அக்கா" என்றேன். சேகர் அண்ணன் இருமி, துப்பி, எழுந்து உட்கார்ந்தார். ராடு போயிருந்தது, ஒரு செருப்பும் போயிருந்தது. ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அவ்ளோ வேகமா ஆட்டுனியே, விரால் எந்தப் பக்கம் இருந்திச்சி?"

இப்போது எங்கள் சாடைகளில் கரைக்கு வா என்று கல்லெறிவதும் ஒன்று, அதனால் விரால் குறைந்துவிட்டது, ஆட்கள் குறையவில்லை.