கீபோர்டில் இல்லாத கீழ்ச்சுரங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் இசைமேதைகள் யாரும் எங்கள் வீட்டுக் கீபோர்டை மனதில் வைத்து எழுதவில்லை. பியானோ கிரேடு தேர்வுக்கு நான் எடுத்தது போலந்துக்காரர் ஒருவர் எழுதிய நாக்டர்ன், இரவுக்கான மெல்லிய இசை. அதில் நாலைந்து இடங்களில் இடது கை வெகு கீழே போகும். எங்கள் கீபோர்டோ அதற்கு முன்பே முடிந்துவிடும். வகுப்பிலும் நிஜப் பியானோ கிடையாது. "அந்தச் சுரங்களை மேலே ஏற்றி வாசி" என்றார் டீச்சர். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மீன் குழம்புக்குப் புளி இல்லையென்றால் சர்க்கரையைப் போட்டுவிடலாமா?

வழி கண்டுபிடித்தவர் அப்பா. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கீபோர்டில் கட்டை இல்லாத இடம் வந்ததும் நான் இடது கையைத் தூக்குவேன். அவர் "ம்ம்ம்" என்று அந்தச் சுரத்தைப் போடுவார். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. இடையிடையே இசைமேதைகளின் கதை கேட்பார். விரல்களுக்கு வலு ஏற்றப்போய் ஒன்றைக் கெடுத்துக்கொண்ட ஜெர்மன்காரர். நம் கோயில் கல்யாணங்களில் மணமக்கள் வெளியே வரும்போது முழங்கும் மார்ச் இசையை எழுதிவிட்டு நாற்பதுக்குள் போய்ச் சேர்ந்தவர். போலந்துக்காரரும் அப்படியே, காசநோயில்.

"ஏளா, இவனுவள்ல ஒருத்தனாவது நல்லா இருந்தானா?" என்பார்.

தேர்வு மதுரையில். பாஸானால் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேலை காத்திருந்தது. அப்பா லீவு போட்டுக் கூடவே வந்து, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நிஜப் பியானோ, எல்லாக் கட்டைகளோடும். நன்றாகத்தான் தொடங்கினேன். முதல் கீழ்ச்சுரம் வரும் இடத்தில் இடது கை பழக்க தோஷத்தில் மேலே எழுந்து நின்றுவிட்டது. அப்பாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். அறையில் சத்தமே இல்லை. தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்த பிறகுதான் சுதாரித்து மீதியை வாசித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டியதும் அப்பா கேட்டார்: "ஏளா, நடுவுல நின்னுட்டியே, பயந்துட்டியோ?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வயது வீம்பு. உண்மையைச் சொல்ல வெட்கம்.

"பயப்படாத. அந்தப் பியானோவுல எல்லாச் சுரமும் இருந்துச்சுல்லா? இனி நான் வேண்டாம்" என்று சிரித்தார்.

மட்டுமட்டாகப் பாஸானேன். வேலையும் கிடைத்தது. இப்போது வீட்டில் முழு அளவு டிஜிட்டல் பியானோ இருக்கிறது. அப்பா போன வருடம் போய்விட்டார். மகள் பரீட்சையில் பயந்து தடுமாறினாள் என்றே கடைசிவரை நம்பினார். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படியே சொல்வார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு நாளும் திருத்தவில்லை.

பயம் இல்லை அப்பா. உங்களுக்காகத்தான் நின்றேன்.