முத்திரை விழாத கடவுச்சீட்டு

ஒஸ்லோவிலிருந்து சுவீடனுக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர், மன்னாரிலிருந்து மகனைப் பார்க்க வந்த ஒரு தாய். கம்பளித் தொப்பிக்குள் சிறிய முகம். கடவுச்சீட்டின் விசாப் பக்கத்தில் விரலைச் செருகியபடியே இருந்தார். தேநீர் குடிக்கும்போதும் எடுக்கவில்லை.

"ஒருக்கா உள்ளுக்கு வரத்தான் விசா தந்தவை, தம்பி. சுவீடனிலை மகளுக்கு ஒப்பரேசன். எல்லை தாண்டினால் திரும்பி வர விடுவினமோ?"

"ஓம் அம்மா. இந்த நாடுகளுக்கு எல்லாம் ஒரே விசாதான். ஒண்டிலையிருந்து மற்றதுக்குப் போனால் வெளியாலை போன கணக்கில்லை."

"நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்திலை இல்லையெண்டு மகன் சொன்னவன்."

"இல்லைத்தான். சனம் ரெண்டுதரம் வாக்குப்போட்டு வேண்டாமெண்டது. ஆனால் எல்லைக்கும் சந்தைக்கும் ஒப்பந்தம் இருக்கு."

"எங்கட சின்னண்ணரும் இப்பிடித்தான். வீடு பிரிச்சுத் தனியப் போனவர், கிணறு மட்டும் எங்களோடைதான்."

எல்லை தாண்டியதும் சுவீடன் பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார். விசாவைப் பார்த்தார், முத்திரை குத்தாமலே திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

கடவுச்சீட்டைப் பைக்குள் போட்டார். தொப்பியைக் கழற்றினார். சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

கிணறு இறைக்கும் செலவில் சின்னண்ணர் பங்கு கொடுத்தாரா என்று கேட்க ஆசை. நோர்வே அந்தச் சந்தைக்காக ஒன்றியத்துக்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் எழுப்ப மனம் வரவில்லை.